கொம்பு இடம் மாறிய பாட்டுப் புத்தகம்

“என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் ஓடியது” என்ற வாக்கியத்தை ஒருமுறையாவது சொல்லாத புரோகிராமர் உலகத்தில் கிடையாது. சிலர் மேலதிகாரியிடம் சொல்வார்கள். சிலர் வாடிக்கையாளரிடம் சொல்வார்கள். நான் அதை மலேசியாவில், குளுவாங் என்ற ஊரில் ஒரு தேவாலய வாசலில், திருவிழாப் பூசை முடிந்த கையோடு, பெண் கேட்கப் போன இடத்தில் பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். என்னைப் பெற்றவர்கள் இருவரும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். இதைவிட மோசமாக ஒருவன் தன்னைத்தானே கவிழ்த்துக்கொண்ட கதை உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெயர் தேவராஜ். வீடு மாசாயில், வேலை ஜோகூர் பாருவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். என்ன வேலை என்று அம்மா கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துவிடுவேன். இந்தக் கதைக்காக உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மென்பொருளை உருவாக்க வேறு பல மென்பொருள்கள் தேவைப்படும். எழுத்துகளைப் பக்கத்தில் அடுக்க ஒன்று, படங்களைச் சுருக்க ஒன்று என்று. அவையெல்லாம் பயனரின் கம்ப்யூட்டரில் இருக்கின்றனவா, இருந்தால் எங்கே இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்து, வரிசையாக வேலை வாங்குகிற ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என் வேலை. எங்கெங்கே தேடுவது என்பதற்குக் கம்ப்யூட்டரிடம் ஃபோல்டர்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் அதை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போகும். கேட்ட பெயரில் ஒன்று கண்ணில் பட்டதும் “கிடைத்துவிட்டது” என்று நின்றுவிடும். அது புதியதா, பத்து வருஷப் பழசா என்று தானாகக் கேட்காது. நாம் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். (அந்த ஒரு வரியை நான் எழுதுவதில்லை. ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், “அதெல்லாம் பயந்தவர்கள் எழுதுவது” என்று சொல்லியிருப்பேன். அப்படியொரு தலைக்கனம்.)

அமலா ஜோகூர் பாருவில் நர்ஸ். எங்களுக்குள் பழக்கமாகி ஒன்றரை வருஷம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் இருந்த தன் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாள். அப்பா இல்லை; அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா தெரேசா ஆன்ட்டி ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பார். தமிழ்ப் பாடகர் குழுவுக்குத் தலைவியும் அவர்தான். குட்டையான, மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் எனக்கு என் சர்டிஃபிகேட்டெல்லாம் மறந்துபோகும்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“தம்பி, அமலா சொன்னா, நீங்க கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரர்னு. இத கொஞ்சம் பாருங்க.”

அறுபத்து நான்கு பாட்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். எஸ்டேட் காலத்திலிருந்து வாய்வழியாகப் பாடி வந்தவை, யாரோ நோட்டில் எழுதி வைத்தவை, ஓரம் கிழிந்த ஜெராக்ஸில் பிழைத்தவை என்று தேடிச் சேர்த்து, இரண்டு வருஷமாக விடிகாலையில், ஆலைக்குக் கிளம்பும் முன், இரண்டே விரலால் தட்டச்சு செய்திருந்தார். இதையெல்லாம் ஒரே புத்தகமாக்க வேண்டும். ஆனால் ஒரு பாட்டில் ஒரு வரியைத் திருத்தினால் மீதி அறுபத்து மூன்று பாட்டும் பக்கம் மாறி ஓடிவிடுகிறது. அதுதான் அவருடைய பிரச்சினை.

“இதுக்கா ஆன்ட்டி கஷ்டப்படுறீங்க? நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன். நீங்க என்ன வேணும்னாலும் திருத்துங்க. ஒரு பட்டன் அமுக்கினா முழு புக்கும் ரெடி.”

“ஒரு பட்டனா?”

“ஒண்ணே ஒண்ணு.”

அமலா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக நான் பைபிள் முழுவதையும்கூடப் பட்டனுக்குள் அடக்கித் தருவதாகச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். என் லேப்டாப்பில் பட்டனை அமுக்கினால் புத்தகம் பூ மாதிரி மலர்ந்து வந்தது. ஸ்கிரிப்ட் பேசுகிற செய்திகளைக்கூட ஆன்ட்டிக்காகத் தமிழில் போட்டிருந்தேன். தேடிய மென்பொருள் அகப்பட்டால் பச்சை நிறத்தில் ‘கிடைத்தது’ என்று வரும். அகப்படாவிட்டால் சிவப்பில் ‘கிடைக்கவில்லை’. கடைசிப் பக்கத்தில் ‘தட்டச்சு: தெரேசா’ என்று போட்டேன். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலேயே, ‘கணினி உதவி: தேவராஜ், மாசாய்’ என்றும் போட்டுக்கொண்டேன்.

நேரில் போய் அவர் கம்ப்யூட்டரில் அமைத்துத் தருவதாகத்தான் இருந்தது. அந்த வாரம் பார்த்து அலுவலகத்தில் வேலை குவிந்துவிட்டது. தேவாலயத் திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. சரி, போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் என் சரித்திரம் திரும்பியது.

எழுத்து அடுக்கும் மென்பொருளை எங்கிருந்து இறக்குவது, எப்படி நிறுவுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆன்ட்டி ஒவ்வொன்றாகச் செய்தார். பிறகு பட்டனை அமுக்கச் சொன்னேன்.

“தம்பி, பச்சையா ‘கிடைத்தது’ன்னு வருது.”

“சூப்பர் ஆன்ட்டி!”

“பக்கத்துல இங்கிலீஷ்ல நீளமா ஏதோ வருது. படிக்கட்டா?”

“வேணாம் ஆன்ட்டி. அது எந்த ஃபோல்டர்ல கிடைச்சுதுன்னு அது பாட்டுக்குச் சொல்லும். பச்சை வந்தா போதும்.”

போனில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. புத்தகம் திறக்கிறது என்று புரிந்தது. பாராட்டு வரப்போகிறது என்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தம்பி... எழுத்துல கொம்பெல்லாம் இடம் மாறி நிக்குதே?”

“அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி. உங்க கம்ப்யூட்டர் பழசு லா. ஸ்கிரீன்ல அப்படித்தான் காட்டும். பிரிண்ட் அடிச்சா சரியா வந்துரும்.”

“அப்படியா? வேணும்னா இத உங்களுக்கு வாட்சப்ல அனுப்பவா? ஒரு தடவ பாத்துருங்க.”

“எதுக்கு ஆன்ட்டி? என்கிட்ட இருக்குறதும் அதுவும் ஒண்ணுதானே. நேரா கடைக்கு அனுப்பிருங்க.”

“சரி தம்பி. உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த உரையாடலை இத்தனை வருஷத்தில் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் சரியான கேள்விகள் மூன்று கேட்டிருந்தார். நான் மூன்றுக்கும் தப்பான பதிலைச் சொல்லியிருந்தேன். அதுவும் சிரித்துக்கொண்டே.

நூற்றைம்பது புத்தகங்கள் என்று முடிவாகியிருந்தது. அச்சுக்கடையில் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை; கொடுத்ததைக் கொடுத்தபடி அழகாக அடித்துக் கட்டி, திருவிழா அன்று காலையில் நேராகத் தேவாலயத்திலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். பாடகர் குழு அவசர அவசரமாகப் பெட்டியைப் பிரித்து வரிசைக்கு வரிசை நீட்டியது. ஆன்ட்டி கீபோர்டு முன்னால் இருந்தார். இசைக்குறிப்புகளோடு தன் பழைய நோட்டு இருந்ததால் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அன்றைக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. பூசை முடிந்ததும் ஆன்ட்டி வீட்டில் வைத்து எங்கள் கல்யாணத்தைப் பேசுவதாக ஏற்பாடு. அதற்காக என் அப்பாவும் அம்மாவும் மாசாயிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா பட்டுப்புடவை. அப்பா சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார். நான் அம்மா கையில் ஒரு புத்தகத்தை வைத்து, “நான் செஞ்சதும்மா” என்றேன். அட்டை பிரமாதமாக இருந்தது. (அட்டை ஒரு படம். அதனால் தப்பியது.) அம்மா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், “எங்க பையன் செஞ்சது” என்றார். அந்த அம்மாள் தனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பக்கத்து வரிசை முழுவதற்கும் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்தோம். ஃபாதர் பின்வாசலிலிருந்து மெல்ல நடக்க ஆரம்பித்தார். ஆன்ட்டி கீபோர்டில் கை வைத்தார். முதல் வரியைத் தனியாகப் பாட வேண்டியவர் சவரி அண்ணன். குளுவாங் மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கிறார். மைக் தேவையில்லாத குரல். குழுவுக்குப் புதுசு, ஒத்திகைக்கும் வர முடியவில்லை. அதனால் புத்தகத்தையே முழுசாக நம்பினார்.

பாட்டு இதுதான்: ‘தேவா வாராய், கேளாய் கேளாய்.’

சவரி அண்ணன் நெஞ்சை நிமிர்த்திப் பாடினார்:

“தவோ வாராய்... களோய்! களோய்!”

தமிழ் படித்தவர்களுக்குப் புரியும். ‘தே’ என்று எழுதும்போது இரட்டைக்கொம்பை முதலில் போட்டுவிட்டு, பிறகு ‘த’ போடுகிறோம். கம்ப்யூட்டரோ முதலில் ‘த’வையும் அதற்குப் பின்னால் கொம்பையும் சேமித்து வைக்கும். அந்தக் கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்து அடுக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் கொம்பை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். அப்போது அது அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘தேவா’ ‘தவோ’ ஆகும். ‘கேளாய்’ ‘களோய்’ ஆகும். நூற்றைம்பது புத்தகத்திலும், அறுபத்து நான்கு பாட்டிலும்.

இதெல்லாம் எனக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. சவரி அண்ணன் அத்தனை விசுவாசத்தோடு பாடியதால், பாதிப் பேர் அதுதான் சரி என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார்கள். “களோய்! களோய்!” என்று தேவாலயமே யாரையோ அதட்டிக் கூப்பிட்டது. பின்னால் ஒருவர், “லத்தீன் போல” என்று மனைவிக்கு விளக்கினார். என் அம்மா குனிந்து கேட்டார்:

“டேய், இது என்ன ஹொக்கியன் சீனப் பாட்டா?”

பீடத்துக்கு வந்துகொண்டிருந்த ஃபாதர் நடுவழியில் நின்றுவிட்டார். கீபோர்டும் நின்றது. சவரி அண்ணன் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோய், மலாயில் ஐயையோ என்பதுபோல “அலமாக்” என்றார். அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

ஆன்ட்டி பக்கத்தில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார். புரட்டினார். இன்னொரு பக்கம். இரண்டு வருஷ விடிகாலைகள் அவர் கையில் கிழிந்துகொண்டிருந்ததை நான் ஏழாவது வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக நேராக என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ‘நான் சொன்னேனே’ என்று மட்டும் இருந்தது அதில்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“எல்லாரும் புத்தகத்த மூடிருங்க. நமக்குத் தெரிஞ்ச பாட்டுதானே. பாடுவோம்.”

பாடினார்கள். உண்மையில் அந்தத் தேவாலயத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் புத்தகமே தேவையில்லை. ஃபாதர் மறுபடி நடந்தார். நான் மட்டும் பாடவில்லை. பதறிப்போய்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ‘தட்டச்சு: தரெசோ. கணினி உதவி: தவேராஜ், மாசாய்.’ என்னைப் பற்றி அந்தப் புத்தகத்தில் சரியாக அச்சாகியிருந்தது என் ஊர் ஒன்றுதான்.

பூசை முடிந்து வெளியே எல்லாரும் மீகூன் நூடுல்ஸ் தட்டோடு நின்றிருந்தார்கள். நான் ஆன்ட்டியிடம் போனேன். என் அப்பா, அம்மா, அமலா மூவரும் கூடவே வந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் தொழில் பழக்கம் முந்திக்கொண்டது.

“ஆன்ட்டி... என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் ஓடுச்சு.”

ஆன்ட்டி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“அப்ப உங்க கம்ப்யூட்டரைத்தான் பாட்டுப் பாட கூட்டிட்டு வந்திருக்கணும் தம்பி.”

அப்பா நெற்றியில் கை வைத்தார். அமலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதற்குப் பிறகு ஆன்ட்டி வீட்டுக்குப் போய்க் கல்யாணம் பேச வேண்டும். போனோம். ஹாலில் என் அப்பாவும் அம்மாவும் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, குளுவாங்கில் மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் கேட்காமல் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கினேன். பச்சையில் ‘கிடைத்தது’. பக்கத்தில் அந்த நீளமான ஆங்கில வரி. படித்தேன். நான் போனில் சொல்லச் சொல்ல ஆன்ட்டி நிறுவிய புது மென்பொருளின் ஃபோல்டர் இல்லை அது. வேறு ஏதோ ஒன்று.

“அமலா, இந்த கம்ப்யூட்டர்ல முன்னாடி யாராச்சும் இதே புரோகிராம போட்டாங்களா?”

அவள் யோசித்தாள். “நர்சிங் படிக்கறப்ப கடைசி வருஷ ரிப்போர்ட் அடிக்க ஒரு பிரெண்டு போட்டுக் கொடுத்தா. இங்கிலீஷ் ரிப்போர்ட். அப்புறம் நான் தொடவே இல்ல.”

பட்டியலில் அந்தப் பழைய ஃபோல்டர் முதலில் இருந்தது, புதியது கடைசியில். என் ஸ்கிரிப்ட் பழையதைப் பார்த்ததும் ‘கிடைத்தது’ என்று நின்றுவிட்டது. அதற்குத் தமிழ்க் கொம்பை நகர்த்தத் தெரியாது. புதியது சும்மா உட்கார்ந்திருந்தது. இதை ஹாலில் இருந்தவர்களுக்கு என்னால் முடிந்தவரை விளக்கினேன்.

என் அம்மா கேட்டார்: “பேர மட்டும் பாத்துட்டு எடுத்துக்குமா? அது எப்ப வந்தது, அதுக்கு என்ன தெரியும்னு கேக்காதா?”

“கேக்கச் சொல்லணும்மா. நான் சொல்லல.”

“ஏன்டா சொல்லல?”

ஆன்ட்டி காப்பித் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீளமா ஏதோ வருது, படிக்கட்டான்னு கேட்டேனே தம்பி. அன்னைக்கு அத படிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும் ஆன்ட்டி.”

“கொம்பு மாறி நிக்குதுன்னும் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. வேலையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். ஒன்றுக்கும் கண் கலங்கியதில்லை. அன்றைக்குக் கலங்கியது.

“மன்னிச்சிருங்க ஆன்ட்டி. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனைச்சுட்டேன். நீங்க சொன்னதக் காதுலயே வாங்கல. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல.”

ஆன்ட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இப்ப சரி பண்ண முடியுமா?”

“முடியும் ஆன்ட்டி. ஒரு வரி எழுதணும்.”

“ஒரு வரியா?” என்று கேட்டுவிட்டு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “ஒரு வரிக்காகவா சவரிய அந்தப் பாடு படுத்துனீங்க?”

எழுதினேன். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, எந்தப் பதிப்பு என்று கேள். பழசாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போ. பட்டனை அமுக்கினேன். இந்தத் தடவை அந்த நீளமான வரியை ஆன்ட்டி உரக்கப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக, கோடு, புள்ளி எல்லாம் சேர்த்து. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு புத்தகம் திறந்தது. ‘தேவா வாராய், கேளாய் கேளாய்.’ எல்லாக் கொம்பும் தன் தன் இடத்தில்.

ஆன்ட்டி திரையில் விரல் வைத்து அந்த வரியை மெல்லத் தடவினார். இரண்டு வருஷமாக அவர் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு பக்கம் விடாமல் அறுபத்து நான்கு பாட்டையும் பார்த்து முடித்தார். கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இனிமே நான் ஏதாச்சும் சொன்னா கேப்பீங்களா?”

“கேக்கறேன் ஆன்ட்டி.”

“அமலா சொன்னாலும்?”

“கேக்கறேன்.”

அவர் ஹாலைப் பார்த்துத் திரும்பினார். “காப்பி ஆறுது பாருங்க சம்பந்தி. எடுத்துக்குங்க.”

என் அம்மாவுக்கு அந்தச் சொல் காதில் விழுந்து, மனசில் ஏற ஒரு நிமிஷம் பிடித்தது. ஏறியதும் பட்டுப்புடவையில் பாதிக் காப்பியைக் கொட்டிக்கொண்டார். அந்தக் கறை இன்றும் போகவில்லை. போக்க வேண்டாம் என்று அவரே வைத்திருக்கிறார்.

சரியான புத்தகம் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தது. பழையதைத் திருப்பித் தரும்படி கேட்டபோது பாதிப் பேர் தரவில்லை. அதைப் படித்துச் சிரிப்பதற்கென்றே வீட்டில் வைத்திருப்பதாகக் கேள்வி. சவரி அண்ணன் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் மீன் கடைகளைத் தாண்டிக் கேட்கும்படி “களோய்!” என்று கூப்பிடுவார். நான் திரும்பிப் பார்ப்பேன். அதுதான் சோகம். அமலாவின் சொந்தக்காரர்கள் பலருக்கு என் உண்மையான பெயர் தேவராஜ் என்பதே கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. “அட, தவேராஜ்தான் தேவராஜா?” என்று இரண்டு பேர் போன் போட்டுக் கேட்டார்கள்.

அலுவலகத்தில் என் ஸ்கிரிப்டுகள் இப்போது எதைக் கண்டுபிடித்தாலும் எங்கே, எந்தப் பதிப்பு, இதற்கு முன் எதையெல்லாம் பார்த்து வேண்டாமென்று விட்டது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். கூட வேலை செய்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். யாராவது ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, “ஏதோ நீளமா வருது” என்று ஆரம்பித்தால், நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, “படிங்க, மெதுவா படிங்க” என்பேன்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது என் மாமியார் பெயரையே வைக்க ஆசைப்பட்டேன். ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் கையை ஆட்டிவிட்டார்.

“வேணாம் மாப்பிள்ளை. எங்கயாச்சும் பழைய கம்ப்யூட்டர்ல மாட்டுனா தரெசோன்னு ஆயிரும், பாவம் புள்ள. கொம்பே இல்லாத பேரா பாருங்க.”

அமலா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்துவிட்டார். அன்று மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து, ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றிலும் கொம்பு இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். ரெபேக்கா போனது, ஜெனிட்டா போனது, எலிசபெத் கடைசிக்கு முந்தின எழுத்தில் போனது. அப்படி வடிகட்டி மிஞ்சியவள்தான் எங்கள் மரியா.